புதிய எச்.ரி.எம்.எல். குறிச்சொற்களைப் பழைய உலாவிகளிலும் பிழையின்றி இயங்கச் செய்தல்: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இணையத்தளம் செய்பவர் அநேகமாகப் புதிய மடிக்கணினியில், அண்மைய குரோமில் வேலை செய்கிறார். அந்தத் தளத்தைத் திறப்பவர் கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த ஐபோன் 6 ஐ வைத்திருக்கலாம். அல்லது சனசமூக நிலையத்தில் இன்னமும் விண்டோஸ் 7 இல் ஓடும் கணினியின் முன்னால் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு நான் ஒரு பதிவுப் பக்கம் செய்துகொடுத்தேன். பக்கம் திறந்ததும் வகுப்பு நேர மாற்றம் பற்றிய அறிவித்தல் ஒன்று மேலெழுந்து, "சரி" என்பதை அழுத்தினால் மறைய வேண்டும். ஒரு தாயின் ஐபோனில் அது மறையவே இல்லை. அவர் அழுத்த அழுத்தப் பக்கம் மீண்டும் மீண்டும் திறந்தது. பதிவு செய்யும் பொத்தானும் அசையவில்லை. கடைசியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்து பதிந்துவிட்டுப் போனார்.

பிழை என்னுடையது. அதைத் தேடிப் பிடித்தபோதும், பின்னர் என்னிடம் வேலை பழக வந்தவர்கள் அதே இடங்களில் தடக்குப்பட்டதைப் பார்த்தபோதும் ஒன்று தெளிவாகியது: தெரியாத குறிச்சொல்லை (கோணக்குறிகளுக்குள் எழுதும் எச்.ரி.எம்.எல். பெயரை) கண்டு பழைய உலாவி குழம்புவது அரிது. அந்தக் குறிச்சொல்லைச் சுற்றி நாம் எழுதும் பாணி விதிகளும் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். வரிகள்) ஜாவாஸ்கிரிப்ற்றும்தான் பக்கத்தைக் கெடுக்கின்றன. ஆகவே கீழுள்ள படிகளின் ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

குறிச்சொற்களின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை வழமைபோல ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டும்.

1. எந்தப் பதிப்பு வரை என்று முதலில் எழுதி வையுங்கள்

"எல்லா உலாவிகளிலும் வேலை செய்ய வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொல்வார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் எதைச் சோதிப்பது, எதை விடுவது என்று ஒருபோதும் தெரியவராது. கருவியையும் பதிப்பையும் இலக்கத்தோடு எழுதுங்கள்.

நான் வைத்திருக்கும் பட்டியல் இது. ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவை ஐ.ஓ.எஸ். 12 உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 7 இல் குரோமின் கடைசிப் பதிப்பு 109. அன்ட்ரொயிட் 5 இல் அது 95; அன்ட்ரொயிட் 4.4 இல் 81. எங்கோ ஒரு மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால் அதில் பயர்பொக்ஸ் 52 இருக்கும். இந்தக் கருவிகளில் "புதுப்பித்துக்கொள்ளுங்கள்" என்று பாவனையாளருக்குச் சொல்வதில் பயனில்லை. அவற்றுக்கு இதற்கு மேல் புதுப்பித்தல் கிடையாது.

இங்கே புதியவர்கள் விடும் முதற்பிழை, பழைய ஐபோனில் குரோமை நிறுவினால் புதிய குரோம் கிடைத்துவிடும் என்று நம்புவது. ஐபோனில் குரோம் என்ற பெயரில் இருப்பதும் உள்ளே சஃபாரியின் இயந்திரத்திலேயே, அதாவது பக்கத்தை வாசித்துக் காட்டும் நிரலிலேயே, ஓடுகிறது. ஐ.ஓ.எஸ். 12 இல் சஃபாரிக்குத் தெரியாதது அங்குள்ள குரோமுக்கும் தெரியாது.

இரண்டாவது பிழை, மடிக்கணினிக் குரோமின் உருவாக்குநர் கருவிகளில் "ஐபோன்" என்று தெரிவுசெய்து பார்த்துவிட்டுச் சோதித்தாயிற்று என்று எண்ணுவது. அது திரையின் அளவு, உலாவி தன்னை அறிமுகப்படுத்தும் வரி போன்ற வெளித்தோற்றங்களையே மாற்றுகிறது. இயந்திரம் உங்கள் புதிய குரோம்தான்.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். அன்ட்ரொயிட் 7.1.1 இற்கு முந்திய தொலைபேசிகள் லெற்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் பாதுகாப்பான இணைப்புக்காக வழங்கும் இலவசச் சான்றிதழின் மூலத்தை அறியாதவை. அவற்றில் பக்கம் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை மட்டும் வந்தால் அது சான்றிதழ்ச் சிக்கல். குறிச்சொற்களைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. தெரியாத குறிச்சொல்லை உலாவி என்ன செய்கிறது என்று கண்ணால் பாருங்கள்

இந்தப் படியை வாசித்துவிட்டுத் தாண்டாமல் செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு வெற்றுப் பக்கத்தில் "பனங்காய்" என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் ஒரு குறிச்சொல்லாக எழுதி, அதனுள் ஒரு வசனத்தையும் ஒரு பட்டியலையும் இட்டு, அதற்குரிய மூடுகுறியையும் எழுதுங்கள். அப்படியொரு குறிச்சொல் உலகத்தில் இல்லை. என்றாலும் வசனமும் பட்டியலும் திரையில் தோன்றும். (குறிச்சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தொடங்கினால் உலாவி அதைக் குறிச்சொல்லாக எடுக்காது, கோணக்குறியோடு அப்படியே எழுத்தாகக் காட்டிவிடும்.)

இனி அந்தப் பனங்காய்க்குப் பின்னணி நிறமும் கரையும் கொடுங்கள். நிறம் பெட்டியாக விழாமல் வசனத்தை ஒட்டி ஒட்டியும், பட்டியல் வரும் இடத்தில் உடைந்தும் நிற்பதைக் காண்பீர்கள். தெரியாத குறிச்சொல்லை உலாவி வரிக்குள் அடங்கும் உறுப்பாகவே கருதுகிறது என்பதே காரணம்.

இந்தச் சிறு சோதனையில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. உள்ளடக்கம் தோன்றும். அது வரிக்குள் அடங்கும் உறுப்பாகத் தோன்றும். குறிச்சொல்லின் சிறப்புத் தொழில், அதாவது திறத்தல், மூடுதல், ஒளித்தல், எதுவும் நடவாது. பின்வரும் படிகள் யாவும் இந்த மூன்றிலிருந்தே வருகின்றன. இன்ரநெற் எக்ஸ்புளோரர் 8 உம் அதற்கு முந்தியவையும் மட்டும் விலக்கு: அவற்றில் தெரியாத குறிச்சொல்லுக்குள் பிள்ளை உறுப்புகள் அமரமாட்டா, பாணியும் ஏறாது. என் பட்டியலில் அவை இல்லை. உங்களிடமும் இராது என்று நினைக்கிறேன்.

3. உள்ளடக்கத்தை முதலில், மூடுகுறிகளோடு எழுதுங்கள்

புதிய குறிச்சொல் எதையும் இடுவதற்கு முன், பக்கத்தின் விடயத்தைத் தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு, படிவம் என்ற பழைய குறிச்சொற்களால் மட்டும் எழுதி முடியுங்கள். அறிவித்தல் என்றால் அது பக்கத்தில் சாதாரணப் பந்தியாக இருந்தாலும் வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். புதிய குறிச்சொல் தெரியாத உலாவியில் எஞ்சப்போவது இந்தப் பக்கம்தான். அதனால் இதற்கு முதலிடம்.

பந்திக் குறிச்சொல்லை மூடாமல் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. அடுத்த பெரிய குறிச்சொல் வந்தவுடன் உலாவி தானாக மூடிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனால் அந்த அடுத்த குறிச்சொல் இன்னதென்று உலாவிக்குத் தெரிந்திருந்தால்தான் அது மூடும். ஒரு பந்தியை மூடாமல் விட்டு, அதன் கீழே, தேடும் பகுதியைக் குறிக்கும் சேர்ச் என்ற குறிச்சொல்லைத் தொடங்கி அதனுள் படிவம் ஒன்றை வைத்தீர்கள் என்று கொள்வோம். புதிய குரோம் சேர்ச்சைக் கண்டதும் பந்தியை மூடுகிறது. படிவம் சேர்ச்சுக்குள் அமர்கிறது. குரோம் 109 இற்குச் சேர்ச் தெரியாது. அது பந்தியைத் திறந்தபடியே வைத்து, படிவத்தைக் கண்டதும் பந்தியையும் அதற்குள் திறந்திருந்த சேர்ச்சையும் சேர்த்து மூடிவிடுகிறது. விளைவு, சேர்ச் வெறுமையாக நிற்க, படிவம் அதற்கு வெளியே கிடக்கிறது. பாணி ஏன் ஏறவில்லை என்று தேடினால் அரை நாள் போய்விடும்.

மறுபக்கத்தில், குறிச்சொல்லின் ஈற்றில் சாய்கோடு இட்டு மூடியதாக எண்ணும் பழக்கமும் ஆபத்தானது. படம், சோர்ஸ் போன்ற, உள்ளடக்கமே இல்லாத குறிச்சொற்கள் தவிர்ந்த மற்றவற்றில் எந்த உலாவியும் அந்தச் சாய்கோட்டைப் பொருட்படுத்தாது. அதன் பின் வரும் முழுப்பக்கமும் அந்தக் குறிச்சொல்லின் வயிற்றுக்குள் போய்விடும்.

4. அமைப்புக் குறிச்சொற்கள்: ஒரு வரி பாணி, ஒரு பண்பு

மெயின், செக்ஷன், ஆர்ட்டிக்கிள், நாவ் முதலியவை என் பட்டியலிலுள்ள எல்லா உலாவிகளுக்கும் தெரியும். இன்ரநெற் எக்ஸ்புளோரர் 11 உங்கள் பட்டியலில் இருந்தால் மெயின் அதற்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

2023 இல் உலாவிகளுக்கு வந்த சேர்ச் குறிச்சொல்தான் இங்கே கவனிக்க வேண்டியது. அது குரோம் 118, பயர்பொக்ஸ் 118, சஃபாரி 17 முதல் உண்டு. ஆகவே பட்டியலில் ஒன்றுக்கும் தெரியாது. பாணித்தாளில் அதற்கு டிஸ்பிளே என்ற பண்பைப் புளொக் என்று ஒரு வரியில் கொடுங்கள். 2ஆம் படியில் கண்ட பெட்டிச் சிதைவு நின்றுவிடும். அத்துடன் ரோல் என்ற பண்பையும் (பண்பு என்பது குறிச்சொல்லின் பெயருக்குப் பின்னே எழுதும் விபரம்) சேர்ச் என்ற பெறுமதியோடு அதே குறிச்சொல்லில் எழுதுங்கள். திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்குப் பெட்டியின் தோற்றம் பொருட்டல்ல. இது தேடும் பகுதி என்ற அறிவித்தலே பொருட்டு, அதைப் பழைய உலாவியில் இந்தப் பண்புதான் கொடுக்கும்.

5. படமும் காணொளியும்

ஒரே படத்தைப் பல வடிவங்களில் கொடுக்கும் பிக்சர் குறிச்சொல்லுக்குள் சோர்ஸ் குறிச்சொற்களை அடுக்கும்போது, உலாவி மேலிருந்து கீழாக வந்து தன்னால் காட்டக்கூடிய முதலாவதை எடுக்கிறது, சிறந்ததைத் தேடுவதில்லை. ஆகவே புதிய வடிவத்தை மேலே இடுங்கள்: ஏவிஃப், அதன்கீழ் வெப்பி, கடைசியில் சாதாரணப் படக் குறிச்சொல்லில் ஜேபெக். ஏவிஃப் வடிவம் குரோம் 85, பயர்பொக்ஸ் 93, ஐ.ஓ.எஸ். 16 முதல், வெப்பி குரோம் 32, பயர்பொக்ஸ் 65, ஐ.ஓ.எஸ். 14 முதல். ஐபோன் 6 இற்கு இரண்டும் எட்டாது; அதற்கு ஜேபெக் மட்டுமே.

ஒவ்வொரு சோர்ஸிலும் ரைப் என்ற பண்பை எழுதுங்கள். எழுதாவிட்டால் வடிவம் தனக்கு ஒத்துவருமா என்று அறியாமலே உலாவி முதலாவதைத் தெரிந்துவிடும். திரையில் உடைந்த படம் நிற்கும். உள்ளே வரும் படக் குறிச்சொல் கட்டாயம். அது இல்லாத பிக்சர் எந்த உலாவியிலும், மிகப் புதியதிலுங்கூட, எதையும் காட்டாது. மாற்று விளக்கம், அகலம், உயரம் ஆகியவற்றையும் பாணியையும் அந்தப் படக் குறிச்சொல்லுக்கே கொடுக்க வேண்டும். பிக்சருக்குக் கொடுத்தால் பயனில்லை.

காணொளியில் வரிசை இதேதான். ஆனால் ஒரு தவறான எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. வீடியோ குறிச்சொல்லுக்குள் "உங்கள் உலாவியில் இதைப் பார்க்க முடியாது, இங்கே தரவிறக்குங்கள்" என்று எழுதுகிறோம். வீடியோ என்ற குறிச்சொல்லையே அறியாத உலாவிக்கு மட்டுந்தான் அந்த வசனம் தோன்றும். குறிச்சொல்லை அறிந்தும் கோப்பின் வடிவத்தை இயக்க முடியாத உலாவி கறுத்த பெட்டியை மட்டுமே காட்டும், வசனத்தைக் காட்டாது. ஆகவே தரவிறக்கும் இணைப்பைக் குறிச்சொல்லுக்கு வெளியே, அதன் அடியில் வையுங்கள். கோவில் திருவிழாக் காணொளியை டேற்றா மிச்சம் பிடித்துப் பார்ப்பவர்களுக்கும் அந்த இணைப்பு உதவும்.

6. படிவங்கள்: திகதிதான் பொறி

இன்புற் குறிச்சொல்லில் ரைப் பண்புக்குத் தெரியாத பெறுமதி வந்தால் உலாவி அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாக எடுத்துக்கொள்கிறது. மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் போன்றவற்றில் இதனால் எந்தச் சேதமும் இல்லை. திகதியில் உண்டு.

திகதிப் பெட்டி தெரிந்த உலாவி, திரையில் எந்த ஒழுங்கில் காட்டினாலும், வழங்கிக்கு (படிவத்தைப் பெறும் சேவர் கணினிக்கு) ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இடைக்கோட்டோடு மட்டுமே அனுப்பும். எக்ஸ்பியிலுள்ள பயர்பொக்ஸ் 52 இற்கு அது தெரியாது. பயர்பொக்ஸ் 57 இலிருந்துதான் அது உண்டு. கணினிச் சஃபாரியில் 14.1 வரை இல்லை. அங்கே வெறும் எழுத்துப் பெட்டி நிற்கும். 2011 ஏப்ரல் 3 இல் பிறந்த பிள்ளைக்கு நம்மவர் 03/04/2011 என்று எழுதுவார்.

வழங்கியில் பி.எச்.பி. மொழியின், எழுத்தைத் திகதியாக மாற்றும் ஸ்ட்ரரூரைம் என்ற செயற்கூறு இருந்தால், சாய்கோடு கண்ட திகதியை அது அமெரிக்க ஒழுங்கில், மாதம் முதலாக வாசிக்கும். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். அதே திகதியை இடைக்கோட்டோடு 03-04-2011 என்று எழுதியிருந்தால் நாள் முதலாக, சரியாக வாசிக்கும். ஒரே பட்டியலில் சில பிறந்த திகதிகள் சரியாகவும் சில பிழையாகவும் இருப்பதைக் கண்டு, தரவை உள்ளிட்டவரைக் குறை சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

செய்ய வேண்டியது மூன்று. பெட்டியின் மேலுள்ள பெயரிலேயே, "பிறந்த திகதி, உதாரணம் 2011-04-03" என்று எழுதுங்கள். பிளேஸ்ஹோல்டர் (பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் உதாரணம்), பற்றேர்ன் (ஏற்கத்தக்க வடிவம்) என்ற இரண்டு பண்புகளையும் அதே இன்புற்றில் சேருங்கள். திகதிப் பெட்டி தெரிந்த உலாவியில் அவை இரண்டும் செயற்படா, எழுத்துப் பெட்டியாக மாறிய இடத்தில் மட்டுமே உயிர்பெறும். இதைவிடச் சுருக்கமான பாதுகாப்பு வேறில்லை. மூன்றாவதாக, வழங்கியில் அந்த ஒரே வடிவத்தை மட்டும் ஏற்று, மற்றதைத் திருப்பி அனுப்புங்கள். ஊகித்துத் திருத்த வேண்டாம்.

பிறந்த திகதிக்கு மட்டும் என்னைக் கேட்டால், நாள், மாதம், ஆண்டு என்று மூன்று தனிப் பெட்டிகளே நல்லவை. நாட்காட்டியில் பதினைந்து வருடம் பின்னோக்கிப் போவது புதிய தொலைபேசியிலும் சலிப்பான வேலை.

கட்டாயம் நிரப்பச் சொல்லும் ரிக்குவயர்ட் என்ற பண்பை எழுதிவிட்டால் வெற்றுப் படிவம் வராது என்றும் நம்பாதீர்கள். ஐ.ஓ.எஸ். 10.3 இற்கு முந்திய சஃபாரி வெற்றுப் படிவத்தையும் தடுக்காமல் அனுப்பிவிடும்.

ஊர்ப் பெயர்களைத் தட்டச்சுச் செய்யும்போதே பரிந்துரைக்கும் டேற்றாலிஸ்ற்றுக்கு ஓர் அழகான ஏற்பாடு உண்டு. அதனுள் ஒரு செலெக்ற் குறிச்சொல்லை வைத்து, கொக்குவில், சுன்னாகம், சாவகச்சேரி என்ற தெரிவுகளை அந்தச் செலெக்ற்றுக்குள் எழுதுங்கள். டேற்றாலிஸ்ற் தெரிந்த உலாவி தெரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு செலெக்ற்றை மறைத்துவிடும். அதன் பெறுமதியையும் அனுப்பாது. தெரியாத உலாவியில் செலெக்ற் வெளியே தெரியும், பாவனையாளர் அதிலிருந்து தெரியலாம். அங்கே எழுத்துப் பெட்டி, செலெக்ற் இரண்டும் பெறுமதி அனுப்பும் என்பதால் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள்.

7. டீற்றெயில்ஸ்: பாணியால் ஒளிக்காதீர்கள்

தலைப்பை அழுத்தினால் விரிந்து மடியும் பகுதியைச் செய்யும் டீற்றெயில்ஸ், சமரி இரண்டும் தெரியாத உலாவியில் முழு விடயமும் திறந்தபடி தெரியும். அது நல்லதே, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. குரோம் 12, சஃபாரி 6, பயர்பொக்ஸ் 49, எட்ஜ் 79 முதல் அவை உண்டு.

கெடுப்பது இது: ஓபன் என்ற பண்பு இருந்தால் மட்டும் உட்பகுதியைக் காட்டு, இல்லாவிட்டால் மறை என்று சிலர் பாணித்தாளிலும் எழுதிவிடுகிறார்கள். குறிச்சொல் தெரியாத உலாவியில் ஓபன் பண்பைச் சேர்ப்பதற்கு யாரும் இல்லை. விடயம் நிரந்தரமாக மறைந்துவிடும். மறைக்கும் வேலையை உலாவியிடமே விட்டுவிடுங்கள்.

8. டயலொக்: அதிகம் உடையும் இடம்

மேலெழும் பெட்டியைச் செய்யும் டயலொக் குறிச்சொல் குரோமில் 37 முதல் இருந்தாலும் பயர்பொக்ஸில் 98, சஃபாரியில் 15.4 முதல்தான், அதாவது 2022 மார்ச் முதல்தான் உண்டு. ஐபோன் 6 இற்கு அது இல்லை. தொடக்கத்தில் சொன்ன தாயின் தொலைபேசியில் நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, டயலொக் தெரியாததால் அதன் உள்ளடக்கம் மறையாமல் தொடக்கத்திலேயே தெரிந்தது. இது மட்டும் என்றால் பரவாயில்லை. ஆனால் அழகுக்காக நான் பாணித்தாளில் அதன் பொசிஷன் பண்புக்கு ஃபிக்ஸ்ட் என்று எழுதியிருந்தேன். அறிவித்தல் திரையை மூடிக்கொண்டு ஆணியடித்ததுபோல நின்றது.

இரண்டாவது, பக்கம் திறந்ததும், பெட்டியைத் திறக்கும் ஷோமோடல் என்ற செயற்கூறை அழைத்தேன். தெரியாத குறிச்சொல்லில் அது இல்லை. ஜாவாஸ்கிரிப்ற் பிழை எறிந்து அந்த வரியிலேயே நின்றுவிட்டது. பதிவுப் பொத்தானை இணைக்கும் வரி அதற்குக் கீழே இருந்ததால் அதுவும் ஓடவில்லை.

மூன்றாவதுதான் நான் எதிர்பாராதது. "சரி" பொத்தான், மெதட் பண்பில் டயலொக் என்று எழுதிய படிவத்துக்குள் இருந்தது. புதிய உலாவியில் அது பெட்டியை மூடும். பழைய உலாவிக்கு அந்தப் பெறுமதி விளங்காது. விளங்காத மெதட்டை அது கெற் (விபரங்களை முகவரியோடு ஒட்டி அனுப்பும் முறை) என்று எடுத்துப் படிவத்தை அனுப்பிவிடும். பக்கம் மீண்டும் திறக்கும், முகவரியின் ஈற்றில் ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கும், அறிவித்தலும் மீண்டும் வந்து நிற்கும்.

திருத்தும் ஒழுங்கு இதுவாகும்.

அறிவித்தல் கட்டாயம் வாசிக்கப்பட வேண்டியதா என்று முதலில் தீர்மானியுங்கள். கட்டாயமென்றால் பழைய உலாவியில் அது பக்கத்தின் மேற்பகுதியில் சாதாரணப் பெட்டியாகத் தெரியட்டும், மறைக்க வேண்டாம். கட்டாயமில்லை என்றால், ஓபன் பண்பு இல்லாத டயலொக்கை மறை என்று பாணித்தாளில் ஒரு விதி எழுதுங்கள்.

பொசிஷன் பண்பை எழுதவே எழுதாதீர்கள். டயலொக்கை அறிந்த உலாவி அதைத் தானே நடுவில் நிறுத்திக்கொள்ளும். அறியாத உலாவியில் அது பக்கத்தின் ஓட்டத்தில் இருப்பதே பாதுகாப்பு.

திறப்பதற்கு முன், அந்த உறுப்பில் ஷோமோடல் ஒரு செயற்கூறாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அழையுங்கள், இல்லாவிட்டால் ஓபன் பண்பைச் சேர்த்து, பெட்டியின் தலைப்பு கண்ணில் படுமாறு பக்கத்தை நகர்த்துங்கள்.

மூடுவதற்கு, படிவத்தின் மெதட்டை நம்பாமல், ரைப் பண்பில் பட்டன் என்று எழுதிய பொத்தானை வைத்து, அதன் சொடுக்குக்கு நீங்களே வரி எழுதுங்கள்: குளோஸ் என்ற செயற்கூறு இருந்தால் அதை அழை, இல்லாவிட்டால் ஓபன் பண்பை நீக்கு. ரைப் எழுத மறந்தால் படிவத்துக்குள் இருக்கும் பொத்தான் அனுப்பும் பொத்தானாகிவிடும்.

இடைநிரப்பு நிரல்களை (பழைய உலாவியில் இல்லாத தொழிலைச் சேர்க்கும் கோப்புகளை) இதற்குப் பயன்படுத்துபவர்கள் உண்டு. ஓர் அறிவித்தலுக்காக இன்னொரு கோப்பைப் பழைய தொலைபேசியில் இறக்குவதை நான் விரும்புவதில்லை. மேலுள்ள நான்கு மாற்றங்களும் பத்து வரிகளுக்குள் முடிந்துவிடும்.

ஓர் உறுப்பை மேலெழும் பெட்டியாக்கும் பொப்ஓவர் என்ற புதிய பண்புக்கும் இதே நோய், இதே மருந்து. குரோம் 114, சஃபாரி 17, பயர்பொக்ஸ் 125 முதல் அது உண்டு. மற்றவற்றில் பெட்டி எப்போதும் தெரியும், பொத்தான் ஒன்றும் செய்யாது.

9. பாணித்தாளில் புதிய தெரிப்பிகளைத் தனியே எழுதுங்கள்

காற்புள்ளி இட்டு நான்கு தெரிப்பிகளை (விதி எந்த உறுப்புகளுக்கு என்று சொல்லும் பகுதிகளை) ஒரே விதியில் எழுதும்போது, அவற்றில் ஒன்று உலாவிக்குத் தெரியாவிட்டாலும் அது முழு விதியையும் தள்ளிவிடும். உதாரணமாக, பொத்தான்களுக்கான நிறத்தையும் திறந்த பொப்ஓவருக்கான தெரிப்பியையும் ஒரே விதியில் சேர்த்தால், குரோம் 109 இல் பொத்தான்களின் நிறமும் போய்விடும். புதியதைத் தனி விதியாகக் கீழே எழுதுங்கள், இரண்டு வரி கூடினாலும் பரவாயில்லை.

உலாவிக்கு ஒன்று தெரியுமா என்று பாணித்தாளிலேயே கேட்கும் சப்போர்ட்ஸ் விதியால் குறிச்சொல்லைச் சோதிக்கலாம் என்று எண்ணுவதும் பிழை. பாணிப் பண்புகளையும், பிந்திய உலாவிகளில் தெரிப்பிகளையும் பற்றி மட்டுமே அதனிடம் கேட்க முடியும். ஒரு குறிச்சொல்லின் தொழில் உண்டா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

10. ஜாவாஸ்கிரிப்ற்: பெயரைக் கேட்காதீர்கள், திறனைக் கேளுங்கள்

உலாவியின் பெயரையும் பதிப்பையும் வாசித்து முடிவெடுக்கும் வரிகளை எழுத வேண்டாம். 1ஆம் படியில் சொன்ன ஐபோன் குரோம் ஒன்றே அவற்றை ஏமாற்றப் போதும். உறுப்பை உருவாக்கி அதில் தேவையான பண்பு இருக்கிறதா என்று பாருங்கள். டீற்றெயில்ஸில் ஓபன், டெம்பிளேற்றில் கொன்டென்ற், டயலொக்கில் ஷோமோடல். திகதிக்கு, ஓர் இன்புற்றை உருவாக்கி அதன் ரைப்பைத் திகதி என்று வைத்துவிட்டுத் திரும்ப வாசியுங்கள். தெரியாத உலாவி அதைத் ரெக்ஸ்ற் என்று சொல்லும்.

ஆனால் இந்தச் சோதனை வரிகள் ஓடுவதற்கு முதலில் கோப்பு வாசிக்கப்பட வேண்டும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த புதிய சுருக்கக் குறியீட்டைக் கோப்பில் ஓரிடத்தில் எழுதியிருந்தாலும் ஐ.ஓ.எஸ். 12 முழுக் கோப்பையும் இலக்கணப் பிழையென்று ஒதுக்கிவிடும். நீங்கள் கவனமாக எழுதிய சோதனைகளும் அதோடு போய்விடும். அந்தக் குறியீடு குரோம் 80, பயர்பொக்ஸ் 74, கணினிச் சஃபாரி 13.1 முதல்தான் உண்டு.

ரைப் பண்பில் மொடியூல் என்று எழுதிய கோப்பைப் பழைய உலாவிகள் எடுக்கமாட்டா, ஆகவே அதில் எதையும் எழுதலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஐ.ஓ.எஸ். 12 மொடியூலை எடுக்கும், 10.3 முதலே எடுக்கிறது. அதற்குள் இருக்கும் புதிய குறியீட்டைத்தான் அதனால் வாசிக்க முடியாது. அறிவித்தல், படிவம் போன்ற அவசியமானவற்றுக்குரிய வரிகளைப் பழைய இலக்கணத்தில் தனிக் கோப்பாக வைத்து, அலங்கார வேலைகளை வேறு கோப்பில் வையுங்கள்.

11. சோதிக்கும் ஒழுங்கு

பழைய கருவி கையில் இல்லாத நாளிலும் பாதிச் சோதனையை மடிக்கணினியிலேயே முடிக்கலாம். பக்கத்தின் பிரதி ஒன்றை எடுத்து, புதிய குறிச்சொல்லின் பெயரோடு எச்.ரி.எம்.எல். கோப்பிலும் பாணித்தாளிலும் ஓர் எழுத்தைக் கூட்டிவிடுங்கள். டயலொக், இல்லாத ஒரு குறிச்சொல்லாக மாறிவிடும். புதிய குரோமும் அதைப் பனங்காய் போலவே நடத்தும், ஷோமோடலும் அங்கே இராது. என்னிடம் பழகுபவர்கள் பிழைகளில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் பிடிக்கிறார்கள். மெதட் பண்பின் பெறுமதியிலும் ஓர் எழுத்தைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் கேள்விக்குறிப் பிழை தெரியாது.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ற்றை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்து, படிவத்தை அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

இவை இரண்டும் முடிந்த பிறகே பழைய தொலைபேசியை எடுங்கள். வீட்டு வைபையில் இரண்டையும் இணைத்து, மடிக்கணினியின் உள்வலை முகவரியைத் தொலைபேசியில் அடித்தால் தளத்தை ஏற்றாமலே பார்க்கலாம். அறிவித்தலைத் திறந்து மூடுங்கள். ஒரு திகதியை நிரப்பி அனுப்பி, வழங்கியில் என்ன வந்து விழுந்தது என்று வாசியுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திய பின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். அங்கே கேள்விக்குறி ஒன்று புதிதாக முளைத்திருந்தால் 8ஆம் படிக்குத் திரும்பி, அந்தப் பொத்தானின் ரைப்பையும் அது அமர்ந்திருக்கும் படிவத்தின் மெதட்டையும் பாருங்கள்.